உடையாத தட்டு

ராக்கெட்டின் மூக்குக்கூம்பு தரையில் ஒரு சாண் ஆழத்துக்குக் குத்தி நின்றது. இடம், லூசெர்ன் ஏரி. பெயர்தான் ஏரி. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் தண்ணீர் வற்றி, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் களிமண் பரப்பு அது. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் ராக்கெட் பைத்தியம் பிடித்தவர்கள் கூடிப் பறக்கவிடும் இடம். என் முதல் ஹை-பவர் ராக்கெட்டின் கீழ்ப்பாதி பாராசூட்டில் தொங்கியபடி அமைதியாக இறங்கிவிட்டது. மேல்பாதிதான் தனியே கழன்று, அம்பு மாதிரி வந்து மண்ணில் பாய்ந்தது. ஆட்கள் நின்ற இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி விழுந்ததால், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

இரண்டு பாதிகளையும் இணைக்கும் கயிறு அறுந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டு நடந்தேன். அறுந்திருக்கவில்லை. கயிற்றின் நுனியில் ஐபோல்ட், அதாவது தலையில் வளையம் உள்ள போல்ட், அப்படியே இருந்தது. ஐபோல்ட்டோடு சேர்ந்து, வட்டமான ப்ளைவுட் தட்டும் முழுசாக இருந்தது. 12 மில்லிமீட்டர் கனமுள்ள பிர்ச் ப்ளைவுட். ஒரு கீறல் இல்லை, ஒரு விரிசல் இல்லை. குழாய்க்குள் ஒட்டியிருந்த தட்டு, பாட்டிலிலிருந்து தக்கையைப் பிடுங்கினதுபோல முழுசாக வெளியே வந்திருந்தது.

அந்தத் தட்டுக்குத்தான் பல்க்ஹெட் என்று பேர். கப்பலின் வயிற்றைக் குறுக்கே அறைகளாகத் தடுக்கும் சுவருக்கு உண்டான சொல் அது. விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் அங்கிருந்து வந்தது. லூசெர்னிலிருந்து காரில் இரண்டு மணி நேரத் தொலைவில் சீல் பீச் என்ற கடலோர ஊர் இருக்கிறது. சாட்டர்ன் 5 ராக்கெட்டின் இரண்டாம் கட்டம் அங்கேதான் தயாரானது. பத்து மீட்டர் விட்டமுள்ள அந்தக் கட்டத்தில், மைனஸ் 253 டிகிரி திரவ ஹைட்ரஜனையும் மைனஸ் 183 டிகிரி திரவ ஆக்ஸிஜனையும் பிரித்தது ஒரே ஒரு பொதுத் தடுப்பு. இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவே தேன்கூடு போன்ற ஃபீனாலிக் அடுக்கு, எல்லாம் பசையால் ஒட்டியது. தனித்தனித் தொட்டியாகக் கட்டாமல் இப்படிச் செய்ததில் மூன்றரை டன்னுக்கு மேல் எடை மிச்சம்.

நம் ராக்கெட்டில் பல்க்ஹெட்டின் வேலை அதைவிட எளியது. ஆனால் ஒரே சமயத்தில் இரண்டு வேலை. உச்சியில் கருமருந்து வெடித்து ராக்கெட்டை இரண்டாகப் பிரிக்கும்போது அந்த அழுத்தத்தைத் தடுக்க வேண்டும். அடுத்த கணம், பாராசூட் விரிந்து கயிறு வெடுக்கென்று இழுக்கும்போது பிடியை விடாமல் இருக்க வேண்டும்.

நான் போனது லெவல் 1 சான்றிதழுக்கு. ராக்கெட் மோட்டார்களுக்கு எழுத்துத்தான் அளவு. ஒவ்வொரு எழுத்துக்கும் மொத்த உந்தம் இரட்டிப்பாகும். குழந்தைகள் பூங்காவில் விடுவது A, B, C. அதிகபட்சம் 2.5, 5, 10 நியூட்டன்-நொடி. H என்பது 160-க்கு மேல் 320 வரை. அங்கிருந்துதான் ஹை-பவர். H அல்லது I மோட்டாரில் பறக்கவிட்டு, ராக்கெட் எல்லாப் பாகமும் சேர்ந்து பத்திரமாகத் திரும்பினால் லெவல் 1. கழன்று தனியே விழுந்தால் கிடையாது. எனக்குக் கிடைக்கவில்லை.

இதில் எனக்கு வலித்தது என்னவென்றால், அந்தத் தட்டுக்காக நான் ஒரு மாதம் செலவழித்திருந்தேன். பால்சா என்ற லேசான மரமா, பாப்லர் ப்ளைவுட்டா, பிர்ச்சா, கண்ணாடியிழைத் தகடா என்று ஒவ்வொன்றின் வலிமையையும் எழுதி வைத்து ஒப்பிட்டு, 6 மில்லி போதும் என்ற இடத்தில் பாதுகாப்புக்காக 12 மில்லி போட்டேன். ஒட்டின வேலைக்கு ஒதுக்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் விளக்கைக் கிட்டே இழுத்து வைத்து அந்தத் தட்டைப் பார்த்தேன். விளிம்பு முழுக்க எபாக்சிப் பசை வளையம், தேன் நிறத்தில், ஒரு இடத்தில்கூட விட்டுப்போகாமல். அந்த வளையத்தின் மேல், சுற்றிலும், பழுப்பாக மெல்லிய ஒரு நாடா ஒட்டியிருந்தது. நகத்தால் நெருடினேன், வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது. ஒரு பக்கம் வழவழவென்று, மறுபக்கம் நார் நாராக. அது அட்டைக் குழாயின் உள்தோல். சில மாடல் ராக்கெட் அட்டைக் குழாய்களில் உட்புறத்திலும் ஒரு வழவழத் தாள் அடுக்கு இருக்கும். அதைக் கிழித்தெடுத்து, உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கிய பிறகுதான் ஒட்ட வேண்டும். நான் செய்யவில்லை. எபாக்சி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. தட்டையும் விட்டுவிடவில்லை, தாளையும் விட்டுவிடவில்லை. தாள்தான் குழாயை விட்டுவிட்டது.

பத்து வயது மகள் பக்கத்தில் வந்து நின்று தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்மா, தட்டு உடையவே இல்லியே, அப்புறம் எப்படி வெளிய வந்துச்சு?"

நான் ஒரு மாதம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. எது உடையும் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன், எங்கே கழலும் என்று யோசிக்கவில்லை.

பல்க்ஹெட் என்றாலே எனக்கு 1985 ஆகஸ்ட் 12 நினைவுக்கு வரும். ஜப்பான் ஏர்லைன்ஸ் 123, போயிங் 747. பின்பக்க அழுத்தத் தடுப்பு கிழிந்து, வால் செங்குத்துத் துடுப்பின் பெரும்பகுதியும் ஹைட்ராலிக் குழாய்களும் போய், மலையில் மோதியது. 524 பேரில் 520 பேர் இறந்தார்கள். ஏழு வருடம் முன்பு, 1978-இல், ஒசாகாவில் இறங்கும்போது வால் தரையில் உரசி அந்தத் தடுப்பு சேதமாகிப் பழுதுபார்க்கப்பட்டிருந்தது. இரண்டு பாதிகளையும் இணைக்க ஒரே துண்டாகப் போட வேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டாக வெட்டிப் போட்டதால், இரண்டு வரிசை ரிவெட் சுமக்க வேண்டிய பாரத்தை ஒரே வரிசை சுமந்தது. ஒவ்வொரு பறப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டது. தகட்டின் உலோகத்தில் குறை இல்லை, இணைப்பில் இருந்தது. அந்த உயிரிழப்பை என் அட்டை ராக்கெட்டோடு சேர்த்துப் பேச மாட்டேன். ஆனால் எந்தத் தட்டைக் கையில் எடுத்தாலும் முதலில் விளிம்பைப் பார்க்கும் பழக்கம் எனக்கு அதைப் படித்தபோதே வந்திருக்க வேண்டும். படித்திருந்தும் வரவில்லை. என் தட்டு கழன்ற பிறகுதான் வந்தது.

சரி, கணக்குக்கு வருகிறேன். வெடிப்பு அழுத்தத்தை இந்தப் பொழுதுபோக்கில் பெரும்பாலும் 10 முதல் 15 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்வார்கள். 15 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். 10 சென்டிமீட்டர் விட்டத் தட்டின் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். அதன் மேல் விழும் பாரம் சுமார் 83 கிலோ. வளர்ந்த ஒரு ஆள் ஏறி நிற்பதற்குச் சமம், அதுவும் ஒரு கிராம் சொச்சம் கருமருந்தால். 38 மில்லிமீட்டர் குழாயில் அதே அழுத்தம் வெறும் 12 கிலோதான். 15 சென்டிமீட்டருக்குப் போனால் 186 கிலோ.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். விட்டம் ஒன்றரை மடங்கானால் பாரம் இரண்டேகால் மடங்காகிறது. தட்டைப் பிடித்திருக்கும் விளிம்பின் சுற்றளவோ ஒன்றரை மடங்குதான். சின்ன ராக்கெட்டில் எப்படி ஒட்டினாலும் நிற்பதும், பெரிய ராக்கெட்டில் அதே பழக்கம் காலை வாருவதும் இதனால்தான்.

கயிற்றின் இழுப்பு இதைவிட மோசம். மோட்டார் எரிந்து முடிந்த பிறகு கருமருந்து வெடிக்கும்வரை உள்ள தாமத நேரம் அதிகமாகிப்போய், ராக்கெட் உச்சியைத் தாண்டி மூன்று நொடி கீழே பாய்ந்த பிறகுதான் வெடித்தது. மூன்று நொடி என்றால் நொடிக்கு 30 மீட்டர் வேகம். இரண்டு கிலோ எடையுள்ள மேல்பாதியை அந்த வேகத்திலிருந்து அரை மீட்டர் தூரத்தில் நிறுத்தினால் சராசரி இழுப்பு 180 கிலோவைத் தாண்டும். அதையே மூன்று மீட்டரில் நிதானமாக நிறுத்தினால் 30 கிலோ. கெவ்லார் கயிறு தீக்கு அஞ்சாது, ஆனால் நீளாது. நைலான் நாடா நன்றாக நீண்டு கொடுக்கும், ஆனால் வெடிப்புச் சூட்டில் உருகும். அதனால் வெடிப்புக்குப் பக்கத்தில் கொஞ்சம் கெவ்லார், மீதி நீளத்துக்கு நைலான் என்று இப்போது போடுகிறேன். கயிற்றை நீளமாக விடுவது பல்க்ஹெட்டைக் கனமாக்குவதைவிட மலிவான வழி.

இப்போது பொருளுக்கு வரலாம். 10 சென்டிமீட்டர் விட்டம், 6 மில்லி கனம் என்று ஒரு தட்டை வைத்துக்கொண்டால் பால்சாவில் ஏழெட்டு கிராம், பிர்ச் ப்ளைவுட்டில் 32, ஜி10 கண்ணாடியிழைத் தகட்டில் 87, அலுமினியத்தில் 127. ஜி10-ஐ 6 மில்லி போட வேண்டியதில்லை, 3 மில்லி போதும். அப்போது 44 கிராம். பிர்ச்சுக்கும் அதற்கும் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை.

பால்சா சின்ன ராக்கெட்டுக்கு மட்டும். C மோட்டார் வரை அதில் ஒரு திருகு வளையத்தைத் திருகி, துளைக்குள் இரண்டு சொட்டு சூப்பர் குளூ விட்டுக் கெட்டியாக்கினால் வேலை முடிந்தது. மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையை நான் தொடுவதில்லை. அமுக்கினால் தாங்கும், இழுத்தால் அடுக்கடுக்காகப் பிளக்கும், ஈரம் பட்டால் ஊதும்.

என் கை முதலில் போவது பிர்ச் ப்ளைவுட்டுக்குத்தான். பால்டிக் பிர்ச் என்று விற்பார்கள். 6 மில்லியில் ஐந்து அடுக்கு, ஒவ்வொரு அடுக்கிலும் நார் ஓட்டம் குறுக்கும் நெடுக்குமாக மாறும். அதனால் எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏதாவது ஒரு அடுக்கு நார் வாட்டத்தில் நின்று தாங்கும். கடைகளில் தொங்கும் சாதாரண ப்ளைவுட்டில் உள்ளடுக்குகளில் ஓட்டை இருக்கும், அறுத்த பிறகுதான் தெரியும். ரஷ்யாவிலிருந்து நிறைய வந்துகொண்டிருந்த சரக்கு இது, 2022-க்குப் பிறகு விலை ஏறிவிட்டது. ஆனாலும் நமக்குத் தேவை கையகலத் துண்டுதானே. அறுத்த விளிம்பு எபாக்சியை உறிஞ்சும். முதலில் மெல்லியதாக ஒரு பூச்சு பூசி அது ஊறின பிறகு ஒட்டினால் பிடிப்பு வேறு மாதிரி இருக்கும். லேசரில் வெட்டி வாங்கினால் விளிம்பு கருகி இருக்கும். அந்தக் கரியின் மேல் ஒட்டினால் கரியோடுதான் ஒட்டும், மரத்தோடு ஒட்டாது. உப்புத்தாளால் மரநிறம் தெரியும்வரை தேய்க்க வேண்டும்.

ஜி10 என்பது கண்ணாடியிழைத் துணியை எபாக்சியில் அழுத்திச் செய்த தகடு. நம் கம்ப்யூட்டர் சர்க்யூட் பலகை இதன் தம்பி. ராக்கெட் குழாயே கண்ணாடியிழையாக இருந்தால் தட்டும் அதுவாக இருப்பது நல்லது, ஒட்டு ஒரே குணமாக நிற்கும். வெட்டும்போதுதான் சிரமம். ரம்பத்தின் பல்லைத் தின்றுவிடும். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி போட்டு, தண்ணீர் தெளித்து, வெளியில் வைத்துத்தான் வெட்டுகிறேன். பளபளப்பான மேற்பரப்பில் எபாக்சி வழுக்கும். அங்கேயும் சொரசொரப்பாக்கி, ஆல்கஹாலால் துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

அலுமினியத்தைப் பார்த்தால் ஆசை வரும். கடைசல் பிடித்த அலுமினியத் தட்டு கையில் எடுத்தாலே அழகு. ஆனால் பாதுகாப்பு விதிகள் காகிதம், மரம், ரப்பர், பிளாஸ்டிக், கண்ணாடியிழை என்றுதான் தொடங்கும். தேவைப்பட்டால் மட்டுமே உலோகம், அதுவும் நொறுங்காமல் வளையும் உலோகம். எங்கேயாவது தவறி விழுந்தால் யார் மேல் என்ன விழுகிறது என்பதை யோசித்து எழுதிய வரி அது. மண்ணில் குத்தி நின்ற என் மூக்குக்கூம்பைப் பார்த்த பிறகு அந்த வரியை நான் மனதார ஏற்றுக்கொள்கிறேன். தவிர, மூக்குக்கூம்பில் ஜிபிஎஸ் கருவி வைத்தால் பக்கத்தில் பெரிய உலோகத் தட்டு இருப்பது ரேடியோ அலைக்கு இடைஞ்சல். கார்பன் இழைக்கும் இதே குறை உண்டு.

முப்பரிமாண அச்சில் எடுத்த தட்டு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கருவிகளைப் பொருத்தும் உள்தாங்கிக்கு நானும் அச்சடிக்கிறேன். இழுப்பு வரும் தட்டுக்கு வேண்டாம். படுக்கையாக வைத்து அச்சடித்தால், ஐபோல்ட் இழுக்கும் திசையில் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே தளரும். ஜூன் மாதம் மொஹாவியில் ஜன்னல் மூடிய காரில் வைத்துவிட்டுப் போன என் தாங்கி ஒன்று, மதியம் எடுத்தபோது வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது.

லூசெர்னில் அன்று என் தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர், விமானத் தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். என்ன மரம், எத்தனை மில்லி என்று அவர் கேட்கவே இல்லை. இழுப்பு எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். கீழ்ப்பக்கம் என்றேன். இரண்டு குழாய்களை உள்ளிருந்து இணைக்கும் சிறு குழாய்க்குக் கப்ளர் என்று பேர். தட்டை அந்தக் கப்ளரின் மேல் நுனியில் வைத்துக் காட்டினார். இரண்டு தட்டு செய்யச் சொன்னார். ஒன்று கப்ளருக்குள் நுழையும் அளவு, இன்னொன்று கப்ளரின் விளிம்பில் உட்காரும் அளவு. இரண்டையும் சேர்த்து ஒட்டி மேலிருந்து போட்டால், பாத்திரத்துக்கு மூடி போட்டது போல உட்காரும். கயிறு கீழே இழுக்க இழுக்கத் தட்டு குழாயின் விளிம்பை அழுத்தும். ஒட்டு போனாலும் தட்டு குழாய் வழியாக வெளியே வர இடமே இல்லை. பாரம் அப்புறம் கப்ளருக்கும் வெளிக்குழாய்க்கும் உள்ள ஒட்டுக்குப் போகும். அங்கே பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒட்டுப் பரப்பு இருக்கிறது, நாலு திருகும் போடலாம்.

நான் ஒரு மாதம் பொருளைத் தேடினேன். அவர் தட்டு இருக்கும் இடத்தை மாற்றிவிட்டார்.

புதிதாகச் செய்தேன். 6 மில்லி பிர்ச், இரண்டு தட்டு. ஐபோல்ட்டையும் மாற்றினேன். பழையது கம்பியை வளைத்துச் செய்த, வாய் மூடாத ரகம். இழுப்பில் அந்த வாய் விரிந்துவிடும். அதற்குப் பதில் யு-போல்ட், இரண்டு காலில் பாரம் பிரியும். தட்டுக்குப் பின்னால் அகலமான வாஷர். வாஷர் சின்னதாக இருந்தால் நட்டு மரத்துக்குள் அமுங்கிப் புதைந்துவிடும்.

கராஜில் இரண்டு மரக்குதிரைகளுக்கு நடுவே பலகை போட்டு, அதில் துளையிட்டு, கப்ளரை நிறுத்தி, கயிற்றைத் துளை வழியே கீழே தொங்கவிட்டேன். கயிற்று வளையத்தில் ஒரு காலை வைத்து ஏறி நின்றேன். என் எடை 64 கிலோ. மகள் 20 பவுண்டு பொன்னி அரிசிப் பை இரண்டைத் தூக்கிக் கொடுத்தாள், அது 18. மொத்தம் 82, கிட்டத்தட்ட நான் கணக்குப்போட்ட அதே பாரம். அவள் குனிந்து, டார்ச் அடித்து, தட்டின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. அரிசியை இறக்கிவிட்டு அந்த வளையத்திலேயே நாலைந்து குதி குதித்தேன். பலகைதான் கிறீச்சிட்டது.

அந்த ராக்கெட்டில்தான் லெவல் 1 கிடைத்தது. பறப்புக்கு முன் பாதுகாப்பு மேசையில் இருந்தவர் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துச் சுண்டி இழுத்துப் பார்த்தார். எனக்கு அந்த இழுப்பில் பயம் வரவில்லை.

அடுத்த கட்டத்தில் பல்க்ஹெட்டுக்கு மூன்றாவதாக ஒரு வேலையும் சேர்ந்துகொண்டது. உயரமானிகள் வைக்கும் அறைக்கு இரண்டு பக்கமும் மூடியாக அதுவே வருகிறது. உயரமானி காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரத்தைக் கணிக்கும். வெடிப்பின் அழுத்தம் ஒயர் நுழையும் துளை வழியே உள்ளே கசிந்தால், ராக்கெட் திடீரெனத் தாழ இறங்கிவிட்டதாக அது நினைத்துக்கொண்டு, தாழ வந்த பிறகு விரிய வேண்டிய பெரிய பாராசூட்டை உச்சியிலேயே விட்டுவிடலாம். அப்புறம் ராக்கெட் காற்றோடு மைல்கணக்கில் போகும். கருமருந்துக் கரி ஈரத்தோடு சேர்ந்து செம்புக் கம்பிகளையும் அரிக்கும். அதனால் துளை ஒவ்வொன்றையும் களிம்பால் அடைக்கிறேன். மரத் தட்டின் முகத்தில் எபாக்சி பூசிவிட்டால் ஈரத்துணியால் துடைத்தாலே கரி போய்விடும்.

அந்த அறையின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு மூடிகளையும் இரண்டு திருகுக் கம்பிகள் ஊடுருவிப் போகும், வெளியே நட்டு. ஒரு பக்கக் கயிறு இழுத்தால் பாரம் கம்பி வழியாக எதிர்ப்பக்க மூடிக்குப் போய், அந்த மூடி குழாயின் விளிம்பை அழுத்தும். பசையே இல்லை. பெரியவர் காட்டிய அதே மூடி, இரண்டு பக்கமும்.

இப்போது மேசையில் 15 சென்டிமீட்டர் குழாய் கிடக்கிறது. 186 கிலோ. தட்டு 12 மில்லி பிர்ச்சா, 6 மில்லி ஜி10-ஆ என்று இன்னும் முடிவு செய்யவில்லை, அதற்கு அவசரமும் இல்லை. விளிம்பு உட்காரும் இடத்தையும் கம்பிகளின் இடத்தையும் முதலில் வரைந்துவிட்டேன். இந்தத் தடவை அரிசிப் பை போதாது. பக்கத்துத் தெருவில் கார் இன்ஜின் தூக்கும் சங்கிலிக் கப்பி வைத்திருக்கிறார் ஒருவர், கூடவே தொங்கு தராசும் இருக்கிறதாம். சனிக்கிழமை காலை கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார். டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டு வைத்துவிட்டாள் மகள்.